மணி அடிக்கும்போது நான் வணக்கத்தில்தான் இருந்தேன்

இன்று மௌலா அலியில் எங்கள் குடியிருப்புச் சங்கம் நடத்திய அண்ணல் பிறந்தநாள் விழா. நம் அரசியல் சட்டத்தை எழுதிய அந்த மனிதரைப் பற்றி நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதைப் பேச வருடக்கணக்கில் சண்டை போட்டு, இந்த முறைதான் மைக் கிடைத்தது.

ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்தால் மணி அடிப்பார்கள். எல்லோரும் நீட்டி முழக்குகிறார்கள் என்று போன வருடம் கத்தி, இந்த விதியைக் கொண்டுவந்தது நான்தான். மணியும் என் வீட்டு மணி.

சமத்துவ விழாவில் ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது என்பதும் என் கொள்கை. என் பெயரை விட்டுவிட்ட மேடைகளை நான் மறக்கவில்லை. ஆகவே தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று தொடங்கி, பந்தல் போட்டவர், புளியோதரை கிளறியவர் எல்லோரையும் விளித்து, "மைக் செட் யாதகிரி அவர்களே" என்றபோது மணி அடித்துவிட்டது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா!"

"ஐயா, ரூல் உங்களோடது. எறங்குங்க," என்றார் செயலாளர் செல்வி.

அண்ணல் பெயரைச் சொல்லாமலே இறங்கினேன்.

கீழே யாதகிரி என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் சொன்னார். "சார், சால பாகா மாட்லாடாரு!"

மிக நன்றாகப் பேசினேனாம். அவருக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் மட்டும் புரிந்திருக்கிறது.

எழுதிய பேச்சு பையில் அப்படியே இருக்கிறது. கேட்க விருப்பமுள்ளவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். உங்கள் எல்லோர் பெயரையும் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். அதில் மாற்றமில்லை.