ராஜி அக்காவின் பால்கனி அறை

இன்று ஜெர்மனியில், டோர்ட்மண்ட் தமிழ்க்கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் மேல்மாடி ராஜி அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"வாற வெள்ளிக்கிழமை நாங்கள் அல்ப்ஸுக்குப் போறம்" என்றார், மெல்ல.

எந்த ஊர் என்று கேட்டேன். நான் மூன்று வாரம் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்த அதே மலைக்கிராமம். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவர் வாங்கிப்போன என் பிரிண்ட் தாள்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

"எந்த விடுதி அக்கா?"

"நீங்கள் பேனையால வட்டம் போட்டிருந்தீங்களே, அதுதான். மலையைப் பார்த்த பால்கனி அறை ஒண்டுதான் மிச்சம் இருந்தது. உடன எடுத்திட்டம்."

என் கணவரின் ஊர்லாப் என்கிற லீவு விண்ணப்பத்தில் முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"நல்லது அக்கா" என்றேன். கூடையைப் பார்த்தால், ஒரு கிலோ முற்றல் கத்தரிக்காய் பொறுக்கிப் போட்டிருக்கிறேன்.

போகும்போது காதருகே குனிந்தார். "போயிட்டு வருமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. சனத்தின்ர கண்ணூறு பட்டிடும்."

"ஓம் அக்கா."

ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். வாசித்தவர்கள் சும்மா போகாமல், ஆளுக்கொரு கண் வைத்துவிட்டுப் போங்கள்.