கிறிஸ்துமஸுக்குச் செய்த கிளாஸ் பாயசம்

ஜாடிக்குள் யாரோ கிசுகிசுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. நான் சமையலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஊறுகாய் ஜாடியின் வயிற்றில் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அரிசி களைந்த தண்ணீரோடு என் மனைவி என்னைத் தாண்டிப் போனாள்.

"என்னா சொல்லுது?"

"கிராம்பு வேலை செய்யுது."

"அதாவது செய்யுதே," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொட்டப் போனாள்.

அப்போது நான் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. மாநிலம் முழுக்க மதுவிலக்கு. பஸ் ஏறினால் பாண்டிச்சேரி பக்கம்தான். அங்கே சட்டம் வேறு. எல்லை தாண்டிப் போகிற ஆள் வேறு, திரும்பி வருகிற ஆள் வேறு என்று எங்கள் ஆபீஸில் சொல்வார்கள். நான் மட்டும் போன மாதிரியே திரும்பி வருவேன். ஒழுக்கம் என்று யாராவது நினைத்தால் நான் மறுப்பதில்லை. உண்மையில் அது பயம். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் வாயை ஊதச் சொன்னால், எனக்குக் குடிக்காமலே தள்ளாடும்.

அந்தப் பயத்தோடு ஒருமுறை பாண்டிச்சேரியில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு உயரமான கண்ணாடி கிளாஸ் வந்தது. அடியில் மஞ்சள், அதற்குமேல் தளதளவென்று ஏதோ ஒன்று, அப்புறம் பழத்துண்டுகள், உச்சியில் சிவப்பாக ஒரு திரவம். ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்கடுக்காக நின்றது. மேலே இருப்பதைக் குடித்துவிட்டுக் கீழே இருப்பதை ஸ்பூனால் சாப்பிட வேண்டுமாம். சிவப்பில் சரக்கு உண்டு என்று தெரிந்ததும் நான் என் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டேன். ஆனால் கண்ணைத் தள்ளி வைக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் குடித்து முடிக்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி சார் இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "தொண்டையில ஒருத்தன் விளக்கு ஏத்திக்கினே கீழ எறங்கிப் போற மாதிரி இருக்கு," என்றார்.

அன்று தொடங்கிய அரிப்பு. சிவப்பு ஏன் மஞ்சளில் கலக்கவில்லை? அந்த விளக்கைச் சரக்கு இல்லாமல் ஏற்ற முடியுமா? பார்சல் ஆபீஸில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டும்போதெல்லாம் இதே யோசனைதான். ஒரு கோழிக்கூண்டை மாயவரத்துக்குப் பதிலாகக் காட்பாடிக்கு அனுப்பியதும் அந்த யோசனையில்தான்.

யோசனை வேலையாக மாறியதற்குக் காரணம் என் மைத்துனன். மனைவிக்கு ஒரே தம்பி. பாண்டிச்சேரியில் லாரி ஃபிட்டராக இருந்தவன். கை வேலையில் கெட்டி. சாயங்காலமானால் ஆளே கெட்டுவிடுவான். என் மாமனாரோ திண்டிவனத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச் கமிட்டியில் முக்கியமானவர், மதுவிலக்குப் பிரசாரத்துக்காகப் பெருமுக்கல் வரைக்கும் சைக்கிளில் போய்த் தெருமுனையில் நின்று பேசியவர். வீட்டில் ஒரு குடிகாரனை வைத்துக்கொண்டு ஊருக்குப் புத்தி சொல்ல முடியாது என்று மகனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில கிறிஸ்துமஸ்கள் அப்படியே போயின.

அந்த வருஷம் மைத்துனன் குடியை விட்டுவிட்டான். பண்டிகைக்கு வரலாம் என்று மாமனார் இறங்கி வந்தார். ரோட்டோரத்தில் அவர்களுக்கு ஒரு காலிமனை இருந்தது. பண்டிகை ஒழுங்காகப் போனால் அதில் மகனுக்கு ஒரு ரிப்பேர் ஷெட் போட்டுக் கொடுத்துக் கூடவே வைத்துக்கொள்வது என்று மாமியாரிடம் சொல்லியிருந்தார். மாமியார் அதை என் மனைவியிடம் சொன்னாள். என் மனைவி என்னிடம் சொன்னபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"பண்டிகை அன்னிக்கி அவன் கை சும்மா இருக்கக் கூடாதுங்க. கையில ஒரு கிளாஸ் இருந்தா மனசு அடங்கும். நீங்கதான் என்னமோ அடுக்கடுக்கா இருக்கும்னு சொல்லிக்கினே இருக்கீங்களே, அத சரக்கு இல்லாம பண்ணுங்க."

கல்யாணமாகி அதுவரை அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது.

ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையில் சமையல் பார்த்த ஒருவரிடம் போய்க் கேட்டேன். திராட்சை ஒயின் போடுவதற்குத் திராட்சை, சர்க்கரை, கோதுமை, ஈஸ்ட் எல்லாம் வேண்டும் என்றார். ஈஸ்ட்தான் சரக்காக்கும் என்றார். எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஈஸ்ட்டை விட்டுவிட்டால் சரக்காகாது. இவ்வளவு எளிய விஷயம் பாண்டிச்சேரிக்காரர்களுக்குத் தோன்றவில்லையே என்று அவர்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

கருப்புத் திராட்சையைக் கழுவி நசுக்கினேன். வெல்லத்தைப் பாகாக்கி ஆறவைத்து ஊற்றினேன். விளக்கு ஏற்றுவதற்குச் சுக்கு, கிராம்பு, பட்டை, நான்கு மிளகு. ஜாடி வாயில் துணி கட்டி, வாசனை நன்றாக இறங்கட்டும் என்று அடுப்புப் பக்கமாக வைத்தேன். மூன்றாம் நாள் கிசுகிசுப்பு ஆரம்பித்தது. மேலே நுரை கட்டியது. துணி லேசாக உப்பியது. நான் கிராம்பைத்தான் சந்தேகப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் பதநீர் தெரியாதவன் கிடையாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் பகலுக்குள் கள்ளாகிவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் போலீஸ் பிடித்ததெல்லாம் பனைமரத்தடியில்தான். திராட்சைத் தோட்டத்தில் போலீஸ் நுழைந்து யாரும் பார்த்ததில்லை. எனவே புளிக்கும் புத்தி பனைக்கு மட்டும்தான் என்று நானும் நம்பினேன். திராட்சை தன் தோலிலேயே அந்த ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு பிறக்கிறது என்று ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் எனக்குச் சொல்வதற்கு இன்னும் பல வருஷங்கள் இருந்தன.

இரண்டு வாரம் ஊறியதும் வடிகட்டி மனைவிக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கண்ணை மூடித் திறந்தாள்.

"காரமா இருக்கு. நல்லாத்தான் இருக்கு. இன்னொரு ஸ்பூன் குடுங்க, சரியா சொல்றேன்."

கிறிஸ்துமஸ் காலையில் மடியில் ஜாடியும் காலடியில் சாக்குப்பைக்குள் மரத்தூள் போர்த்திய ஐஸ் கட்டியுமாகத் திண்டிவனம் பாசஞ்சரில் உட்கார்ந்திருந்தோம். முண்டியம்பாக்கம் தாண்டியதும் எதிர் பெஞ்சு ஆசாமி எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஜாடியில என்னா சார்?"

"ஊறுகா."

"எந்தக் கடை?"

"வீட்ல போட்டது."

"குடுத்து வச்ச வீடு," என்று சொல்லிவிட்டு மயிலம் வரைக்கும் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். போலி இவ்வளவு அசலாக வந்திருக்கிறதே என்று எனக்கு மார்பு விரிந்தது.

வீட்டுக்குப் போனபோது மைத்துனன் வந்திருந்தான். இளைத்திருந்தான். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல், ஸ்டூலின் நுனியில் விருந்தாளி போல உட்கார்ந்திருந்தான். மாமனார் வாசலிலேயே அவனைக் கட்டிப்பிடித்தாராம், ஆனால் அது கட்டிப்பிடித்த மாதிரி தெரியவில்லை, மோந்து பார்த்த மாதிரி இருந்தது என்று மாமியார் என் மனைவியின் காதில் சொன்னாள்.

பிரியாணி முடிந்ததும் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கிளாஸ்களின் அடியில் கஸ்டர்டு ஏற்கெனவே உறைந்திருந்தது. அதன்மேல் காய்ச்சி உறையவைத்த தளதளவென்ற கடல்பாசி, அதன்மேல் வாழைப்பழமும் மாதுளை முத்தும். பிறகு ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் சிவப்பை மெதுவாக வழியவிட்டேன். கலக்கவில்லை. அடுக்காக நின்றது. அந்த ஒரு நிமிஷம் பாண்டிச்சேரி கல்யாண வீடே என் கையில் இருந்தது. நொறுக்கிய ஐஸை மேலே போட்டு வெளியே எடுத்துக்கொண்டு போனேன்.

மாமனார் முதல் கிளாஸை மரியாதைக்காகக் குடித்தார். இரண்டாவதைக் கேட்டு வாங்கினார். மூன்றாவதுக்கு அவரே சமையலறைக்குள் வந்துவிட்டார். காது சிவந்திருந்தது.

"மாப்ள, இத்தினி வருசமா குடிக்காதே குடிக்காதேன்னு ஊர் ஊரா கத்திக்கினு இருந்தேன். பதிலுக்கு என்னாத்த குடிக்கிறதுன்னு ஒருத்தனுக்கும் நான் சொல்லல. நீ சொல்லிட்ட. இதுக்குப் பேரு என்னா?"

"பேரு தெரியலங்க மாமா."

"கிளாஸ் பாயசம்னு வைங்க," என்றாள் மாமியார். அவள் சாதாரணமாக என் முன்னால் இவ்வளவு சத்தமாகப் பேசமாட்டாள்.

மாமனார் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு எங்களோடு கூடத்துக்குத் திரும்பி, அதுவரை கொல்லையில் பிரியாணி அண்டா தேய்த்துவிட்டு வந்த மகனிடம் தானே நீட்டினார். மைத்துனன் இரண்டு கையாலும் வாங்கினான். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். பிறகு கிளாஸை ஜன்னல் கட்டையில் வைத்தான்.

"என்னாடா?"

"அப்பால சாப்பிடறேன்பா."

"ஐஸ் கரைஞ்சிடும்."

"வயிறு நெறைஞ்சிடுச்சுப்பா."

மாமனாரின் முகம் மாறியது. "நான் குடுத்தா எறங்காது. பாண்டிச்சேரிக்காரன் குடுத்தா எறங்கும்."

எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசுகிறவர் அல்ல அவர். மைத்துனன் சமையலறைக்குள் போனான். நான் பின்னாலேயே போனேன். ஜாடியைத் தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இதுல என்னா போட்டீங்க?"

"திராட்சை, வெல்லம், சுக்கு. ஈஸ்ட் போடவே இல்ல."

"எத்தினி நாளா ஊறுது?"

"ரெண்டு வாரம்."

"மாமா, இது சரக்கு."

"சரக்கு மாதிரி."

"மாதிரி இல்ல. சரக்குதான். நல்லா வேற பண்ணியிருக்கீங்க."

ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஞாபகம் வந்தது. "ஜல்தி போய்ச் சொல்லிடலாம் வா," என்றேன்.

"நான் எப்படிச் சொல்றது? மோந்ததும் தெரிஞ்சுதா, இன்னும் மறக்கலையான்னு கேப்பாரு. குடிக்கலன்னா அவரை மதிக்கலன்னு ஆவுது. குடிச்சா..."

"நான் சொல்றேன்."

"எப்பவும் தமாஷ் பண்ற ஆளு நீங்க. நீங்க சொன்னா யாரு மாமா நம்புவாங்க?"

அது சரிதான். ஆனாலும் போனேன். கூடத்தின் நடுவில் நின்று, முகத்தை எவ்வளவு கனமாக வைக்க முடியுமோ அவ்வளவு கனமாக வைத்துக்கொண்டு, "மாமா, மன்னிக்கணும். இது நெசமாவே சரக்கு," என்றேன்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மனைவி சிரித்தாள். மாமனார் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்ப நான் குடிகாரன். உங்க அத்தை குடிகாரி. மாப்ள சாராய வியாபாரி. போலீஸக் கூப்புடுடி." வாழ்க்கை முழுக்கச் சிரிக்க வைக்கப் பாடுபட்டவன் நான். சிரிக்க வேண்டாம் என்று முதல்முறையாக நினைத்தேன். யாரும் நிறுத்தவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் மாமனார் ஜன்னல் கட்டையில் இருந்த கிளாஸைத் திரும்ப எடுத்தார். மகன் சமையலறை வாசலில் நின்றான்.

"இந்தா. இத குடிச்சிட்டு இப்டி வந்து குந்து. ரோட்டோரத்து மனையில செட்டு போடறதப் பத்திப் பேசலாம்."

மைத்துனன் கிளாஸைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். என் மனைவி சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"இத குடிச்சா நான் பேச மாட்டேன்பா," என்றான். "ஒரு வாய் போதும் எனக்கு. சாயங்கால பஸ்ஸுல பாண்டிச்சேரி போயிடுவேன். மாமா தமாஷ் பண்ணல."

மாமனார் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. ஐஸ் உருகிச் சிவப்பு மெதுவாகக் கடல்பாசியின் ஓரமாகக் கீழே இறங்கி மஞ்சளோடு கலந்துகொண்டிருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு சுற்றிலும் இருந்த காலி கிளாஸ்களைக் கண்ணால் எண்ணினார்.

"இந்த வூட்ல இன்னிக்கி குடிக்காதவன் இவன் ஒருத்தன்தானா?" என்றார்.

"நான் ஒண்ணுதான் குடிச்சேன்," என்றாள் என் மனைவி.

"நான் ரெண்டு," என்றாள் மாமியார்.

மாமனார் மகனை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "டேய், அஞ்சு மணிக்கு சர்ச்ல நான் வேதம் வாசிக்கணுமே. வாடை தெரியுமா?"

"தெரியும்பா."

"எம்மாந்தூரத்துக்கு?"

"பாஸ்டருக்குத் தெரியும். முதல் வரிசைக்கும் தெரியும்."

"பேஜாரா பூடுச்சே. என்னாடா பண்றது?"

மைத்துனன் அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனான். கிணற்றடியில் ஒரு கொய்யா மரம் இருந்தது. கைக்கு எட்டிய தளிரை விட்டுவிட்டு, எக்கி முற்றிய இலைகளாகப் பறித்தான். தொட்டியில் கழுவி அப்பாவிடம் கொடுத்தான்.

"நல்லா மென்னுங்க. சாறு முழுங்காதீங்க, துப்பிடுங்க. அப்பால இன்னொரு இலை. கடைசியா ரெண்டு ஏலக்கா."

மாமனார் மென்றார். துவர்ப்பில் முகம் கோணியது. "இதெல்லாம் உனக்கு எப்படிடா..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டு துப்பினார். மகன் அடுத்த இலையை நீட்டினான். நானும் ஒரு கொத்துப் பறித்து வாயில் போட்டுக்கொண்டேன். நான் செய்ததை நான் ருசி பார்த்தது ஒரு ஸ்பூன்தான், ஆனாலும் கேட்காமலே தண்டனையைப் பகிர்ந்துகொள்வது நல்லது என்று தோன்றியது.

"செட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைக்கிறது?" என்றார் மாமனார், வாய் நிறைய இலையோடு.

"ரோட்டுப் பக்கம்பா. லாரி நேரா உள்ள வரணும்."

"மேல என்னா, ஓலையா?"

"தகரம். வெல்டிங் பொறி பட்டா ஓலை பத்திக்கும்."

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே மென்றார். கொய்யா இலைதான் வேண்டுமா, மாவிலை ஆகாதா என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை.