பெயரைச் சொல்லுங்க

“பெயரைச் சொல்லுங்க.”

“நான்தாண்டி.”

“அது பெயர் இல்ல, ஐயா. பெயரைச் சொல்லுங்க.”

பள்ளிக்கூட வாசலில் மூக்கு சிவந்து நிற்பவர் ரூடி. மார்லிஸுக்கு முப்பத்திரண்டு வருடங்களாகக் கணவர். காலையில் அவள் அடுப்படி மேசையிலேயே விட்டுவிட்டு வந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட உள்ளங்கை அகலப் பணியாரத்தைச் சூடு ஆறிவிடக் கூடாதென்று துண்டில் சுற்றி, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏரிக் காற்று காதை அறுக்கிறது.

“ரூடி நீமேலா. உன் புருஷன்.”

“யாரைப் பார்க்கணும்?”

“உன்னைத்தான். வேற யாரைப் பார்க்க நான் இந்தக் குளிர்ல வரப்போறேன்?”

“அட்டையைக் கேமராவுக்கு நேரா காட்டுங்க.”

அவர் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, ஓட்டுநர் அட்டையை எடுத்துக் காட்டுகிறார். கதவு ஒரு சின்ன முனகலோடு திறக்கிறது. உள்ளே வந்தவரிடம் பணியாரத்தை வாங்கிக்கொண்டு, அதுவரை இருந்த குரலை எங்கோ கழற்றி வைத்துவிட்டு, “ஏங்க, தொப்பியில்லாமலா வந்தீங்க? காது என்னத்துக்கு ஆகும்?” என்று கேட்கிறாள் மார்லிஸ். அப்படிக் கேட்பதற்குள் வருபவர்களைக் குறிக்கும் நோட்டில் எழுதி முடித்துவிட்டாள்.

டாமராக் பாயிண்ட் அரசு உயர்நிலைப் பள்ளியின் முன்வாசலைப் பதினான்கு வருடங்களாகக் காப்பவள் அவள்தான். பிள்ளைகள் அவளை ‘வாசல் மிஸ்’ என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு இருக்கும் பதினொரு கதவுகளில் காலை எட்டேகாலுக்குப் பிறகு இது ஒன்றுதான் திறக்கும். அதுவும் அவள் மேசைக்கு அடியில் இருக்கும் பித்தானை அழுத்தினாலோ, ஊழியர்கள் தங்கள் சாவி அட்டையை வைத்துத் தொட்டாலோதான். வெளியே மணி, ஒரு ஒலிபெருக்கி, பட்டாணி அளவுக் கேமரா. உள்ளே அவள், ஒரு சின்னத் திரை, பச்சை அட்டை போட்ட நோட்டு.

அந்தக் கேமராவில் யாருக்கும் முகம் ஒழுங்காகத் தெரியாது. மூக்குதான் முன்னால் வந்து நிற்கும். அதனால் ஊரில் உள்ளவர்களை மார்லிஸ் மூக்கை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறாள். கடையில் புதிதாக ஒருவரைப் பார்த்தால், “இந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கேன்” என்பாள். சொல்லப்பட்டவர் கோபித்துக்கொண்டால் ஏன் என்று அவளுக்குப் புரியாது.

தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அவளிடம் கிடையாது. மாவட்டக் கல்வித் தலைவரே ஒருமுறை அட்டையைக் காரில் விட்டுவிட்டு வந்து, நான் யார் தெரியுமா என்று கேட்டார். “தெரியும் ஐயா. அட்டையிலயும் அதே பெயர்தானே இருக்கும், காட்டுங்க” என்றாள். அவர் பனியில் காருக்குத் திரும்ப நடந்துபோய் எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளி முழுக்க அன்று அதே பேச்சு.

உடற்பயிற்சிக் கூடத்தின் பின்கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கப் பிள்ளைகள் கல்லை முட்டுக்கொடுத்து வைப்பது உண்டு. கதவுக்குக் கல் வைப்பதைப் போல அவளை நோகடிப்பது வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு கல்லையும் எடுத்துவந்து, அடியில் தேதி எழுதி, ஜன்னல் விளிம்பில் அடுக்கி வைப்பாள். அறுபத்து மூன்று கற்கள் சேர்ந்திருக்கின்றன. போன கிறிஸ்துமஸுக்கு யாரோ ஒரு கல்லுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். மூக்கு ரொம்பப் பெரிது. அதுவும் வரிசையில் இருக்கிறது, தேதியும் உண்டு.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த நேரம், பெயர், யாரைப் பார்க்க, காரணம், போன நேரம் என்று அச்சடித்த ஐந்து கட்டங்கள். ஆறாவதாக ஒரு கட்டத்தை அவளே அளவுகோல் வைத்துக் கோடு இழுத்துச் சேர்த்திருக்கிறாள்: ‘எப்படிப் போனார்.’ சிரித்துக்கொண்டு போனார். திட்டிக்கொண்டே போனார். கதவை உதைத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். எப்போதோ ஒரு பயிற்சிக்கு வந்த வக்கீல் சொன்னதை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். “பார்த்ததை எழுதணும், நினைச்சதை எழுதக் கூடாது.” பக்கத்து மேசை பெர்னடெட் ஏதாவது வம்பு சொல்ல வாயெடுத்தால், “பார்த்தியா, நினைச்சியா?” என்று கேட்டே வாயை அடைத்துவிடுவாள்.

பெயர் சொல்லாதவர்களை மட்டும் எழுதுவதில்லை. மணியை அடித்துவிட்டு ஓடும் பிள்ளைகள், பக்கத்துத் தெரு மரக்கடையைத் தேடி வந்து வழி தவறியவர்கள். பெயர் இல்லாமல் வரி இல்லை என்பது அவள் கணக்கு.

அவள் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு சிவப்புக் கோப்பு இருக்கிறது. எந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று நீதிமன்றம் அனுப்பும் உத்தரவுகள் அதில் இருக்கும். ஒரு வருடம் முன்பு தபாலில் ஒரு உறை வந்தது. பிரித்தாள், படித்தாள். கணினியில் அனுமதி இல்லாதவர்கள் பட்டியலைத் திறந்து அகர வரிசையில் சரியான இடம் பார்த்து ஒரு பெயரைத் தட்டச்சு செய்தாள். தாளை நகல் எடுத்துக் கோப்பில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குக் கொண்டுவந்த பணியாரத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள் என்று பெர்னடெட் சொல்வாள். இதைப் பெர்னடெட் பார்த்ததுதான், நினைத்ததல்ல.

அந்தப் பெயர் டேரன் லெஹ்டோ. மார்லிஸின் கூடப்பிறந்த தம்பி.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்தொன்று. அவன் சட்டைக்குப் பித்தான் தைத்ததும், அவன் முதல் மீசையைப் பார்த்துச் சிரித்ததும், கல்யாணத்தில் அவன் பக்கத்தில் நின்றதும் அவள்தான். அவன் குடிக்கத் தொடங்கியபோது, நிறுத்திட்டேன்க்கா, நிறுத்திட்டேன்க்கா என்று அவன் சொன்ன ஒவ்வொரு முறையும் நம்பியவளும் அவள்தான். ஒரு நாள் குடித்துவிட்டு வண்டியில் மகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறக்கினான். கைசாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், மாதா கோயில் கூடத்தில், மாவட்ட அலுவலர் ஒருவர் பக்கத்தில் இருக்க, மகளைப் பார்க்கலாம் என்று நீதிபதி எழுதினார். பள்ளிக்கூடப் பக்கம் வரக் கூடாது. வந்தால் அந்தச் சனிக்கிழமையும் மறுபரிசீலனைக்கு உரியது.

பதினொரு மாதமாக அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஊர்ப் பனிச்சறுக்குத் திடலில் ஸ்கேட்ஸ் காலணிகளின் கத்தியைத் தீட்டும் வேலை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் மறு விசாரணை. சனிக்கிழமையோடு ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, காலை பத்து நாற்பத்திரண்டு. மணி அடித்தது. திரையில் ஒரு மூக்கு.

அந்த மூக்கை அவள் எத்தனை தடவை கைக்குட்டை வைத்துச் சிந்திவிட்டிருப்பாள்!

தோளில் ஒரு ஜோடி ஸ்கேட்ஸ் தொங்கியது. பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமை கைசா தீட்டக் கொடுத்திருக்கிறாள். இவன் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறான். இன்று ஒன்றரை மணிக்குப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்து ஏறுகிறது. ரூடியிடம் கொடுத்தனுப்பியிருக்கலாமே, ஒரு போன் போட்டிருக்கலாமே, பாவி! பதறினால் இவனுக்கு எப்போதும் கால்தான் முதலில் ஓடும், புத்தி பின்னால்தான் வரும்.

பெர்னடெட் நிமிர்ந்து பார்த்தாள். மணி அடித்து மூன்று விநாடிக்குள் ‘பெயரைச் சொல்லுங்க’ வந்துவிடும். பதினான்கு வருடத்தில் தவறியதில்லை. இப்போது சுவர்க் கடிகாரம்தான் கேட்டது. மார்லிஸின் பேனா நோட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கேட்டால் அவன் பெயர் சொல்வான். சொன்னால் எழுத வேண்டும். எழுதினால் அன்று மாலையே ஒரு நகல் நீதிமன்ற அலுவலருக்குப் போயாக வேண்டும்.

“அக்கா, இருக்கியா?”

அவள் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாசலில் நிற்கும் யாரோ ஒருவரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

“மணியை மாத்தி அடிச்சுட்டீங்க போல, ஐயா. மரக்கடை அடுத்த தெருவுல இருக்கு. போயிடுங்க.”

திரையில் அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு புரிந்துகொண்டான். அவனும் அவள் வளர்த்தவன்தானே. அந்த நோட்டின் சட்டமெல்லாம் அவனுக்குத் தெரியும். போய்விடுவான் என்று பெர்னடெட் நினைத்தாள். போகவில்லை. கையுறையைக் கழற்றினான். சட்டைப்பையைத் துழாவினான். அட்டையை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான்.

“மாத்தி அடிக்கலக்கா. உங்கிட்ட நிறையப் பொய் சொல்லியாச்சு. இன்னைக்கு உள்ளதைச் சொல்றேன். கேளு. எல்லாரையும் கேக்குறல்ல, என்னையும் கேளு.”

அவள் பேனாவை நோட்டில் ஊன்றினாள்.

“பெயரைச் சொல்லுங்க.”

“டேரன் லெஹ்டோ.”

“யாரைப் பார்க்கணும்?”

“கைசா லெஹ்டோ. பத்தாவது. என் பொண்ணு.”

“காரணம்?”

“ஸ்கேட்ஸ். இன்னைக்கு அவ ஆடணும்.”

“உங்க பெயருக்கு அனுமதி இல்லை, ஐயா.” அந்த ‘ஐயா’வில்தான் குரல் கொஞ்சம் இடறியது. “உள்ளே விட முடியாது. பொருளையும் வாசல்ல வெச்சுட்டுப் போகக் கூடாது. தெருவுக்கு அந்தப் பக்கம், தீயணைப்புக் குழாயைத் தாண்டினா அது பள்ளிக்கூடத்து இடம் இல்லை.”

“சரிக்கா.”

அவன் திரும்பினான். இரண்டு படி இறங்கினான். பிறகு நின்று, படியில் மூடியிருந்த பனியைப் பூட்ஸ் காலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிவிட்டான். அப்புறம் போனான்.

மார்லிஸ் எழுதினாள். ஆறாவது கட்டத்துக்கு வந்தபோது பேனா சற்று நின்றது. பிறகு எழுதியது: ‘சொன்னதும் போனார். சத்தம் போடவில்லை. அடுத்து வருபவர் வழுக்கி விழாமல் இருக்கப் படியில் பனியை ஒதுக்கிவிட்டுப் போனார்.’

நகல் எடுத்துத் தலைமை ஆசிரியர் ஹோல்மிடம் அவளே கொண்டுபோனாள். அவர் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கடைசிக் கட்டம் உறவுக்காகச் சேர்த்ததா என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி முந்தைய பக்கங்களைப் புரட்டினார். எல்லா வரியிலும் அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. அவரே காக்கவைக்கப்பட்ட ஒரு நாளும் அதில் இருந்தது: ‘முணுமுணுத்துக்கொண்டே போனார்.’ அவர் கையெழுத்துப் போட்டார்.

“அடுத்த தடவை பெர்னடெட்டைக் கேக்கச் சொல்லலாமே, மார்லிஸ்?”

“எதுக்கு சார்? கேள்வி ஒண்ணுதானே.”

இடத்துக்கு வந்து உட்கார்ந்தவள் அடுத்த மணிக்கு மூன்று விநாடிக்குள் பதில் சொன்னாள். தபால்காரர். சிரித்துக்கொண்டு போனார்.

பெர்னடெட் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏண்டி, கதவைத் திறக்க வேணாம், ஜன்னல் வழியா கையை நீட்டி வாங்கியிருக்கலாம்ல?” என்றாள்.

“ஜன்னலும் கதவுதான்.”

“கல்லுடி நீ. அந்த வரிசையில உன்னையும் தேதி போட்டு வைக்கணும்.”

மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடித்ததும் வாசல் மேசையைப் பெர்னடெட்டிடம் ஒப்படைத்து, துண்டில் சுற்றிய பணியாரத்தை எடுத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மதிய வேளையில் அவள் வெளியே போய் யாரும் பார்த்ததில்லை.

ஜன்னல் வழியே பெர்னடெட் பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், தீயணைப்புக் குழாயைத் தாண்டி, ஒரு பழைய நீல வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒன்றே கால் மணி நேரமாக அங்கேதான் நின்றிருக்க வேண்டும். கூரையில் பனி இரண்டு விரல் கனம் ஏறியிருந்தது. மார்லிஸ் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். பணியாரம் இரண்டாகப் பிய்ந்தது. பெரிய பாதி யார் கைக்குப் போனது என்பது இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு தடவை அவள் கையை நீட்டி அவன் கோட்டுக் காலரை இழுத்துக் கழுத்தை மூடிவிட்டாள். கண்ணாடியில் ஆவி படிந்து, பிறகு ஒன்றும் தெரியவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மணி அடித்தது.

திரையில் மார்லிஸின் மூக்கு. பதினான்கு வருடத்தில் அந்த மூக்கை அந்தத் திரையில் பெர்னடெட் பார்ப்பது இதுவே முதல் தடவை. கழுத்தில் சாவி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வைத்துத் தொட்டால் கதவு தானாகத் திறக்கும். அதன் மேலே, நாடாவை முடிச்சுப் போட்டு, ஒரு ஜோடி ஸ்கேட்ஸ்.

“ஏண்டி, சாவி கழுத்துலதானே கிடக்கு? வா உள்ளே, குளிருது.”

“இப்ப நான் வேலையில இல்ல. கைசாவைப் பார்க்க அனுமதி உள்ளவங்க பட்டியல்ல அத்தைன்னு என் பெயர் இருக்கு. பொருள் கொண்டாந்திருக்கேன். கேளு.”

பெர்னடெட் பச்சை நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பெயரைச் சொல்லுங்க.”

“மார்லிஸ் நீமேலா.”

“யாரைப் பார்க்கணும்?”

“கைசா லெஹ்டோ. பத்தாவது.”

“காரணம்?”

“ஸ்கேட்ஸ். அவ அப்பா தீட்டிக் கொடுத்தது. அதையும் எழுது.”

சொல்லிவிட்டு மார்லிஸ் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். பனி கண்ணிமையில் விழுந்தும் துடைக்காமல், ஓட்டுநர் அட்டையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தம்பி ஒதுக்கிவிட்ட படியில் நின்றாள்.