மூக்குக்குப் போட்ட மாத்திரை

என் கண்ணைக் கெடுத்தது ராயக்கோட்டை அக்காதான். சளி இல்லை, கம்பெனி ஏசி இல்லை. அவள்தான்.

ஓசூரில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தும்மினால் போதும், சளி மாத்திரை அட்டை சீட்டு சீட்டாகக் கைமாறும். தும்மினவளும் போடுவாள், தும்மாதவளும் போடுவாள். ஏசி ஹாலில் ஒருத்திக்கு வந்தால் எல்லோருக்கும் வரும், லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்குவார், அதனால் முன்கூட்டியே. அட்டை எப்போதும் அக்காவின் கைப்பையிலிருந்துதான் வரும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பாவத்துக்கு முதல் மாத்திரை எனக்கு.

எனக்கு ஏற்கெனவே கண்ணில் ஈரம் குறைவு. சர்க்யூட் போர்டைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பார்க்கிற மும்முரத்தில் இமைக்க மறந்துவிடும். கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார், அதை விட்டுக்கொண்டு வேலை நன்றாகத்தான் ஓடியது. அந்த மேஜை எனக்குப் பிடிக்கும். என் கண்ணுக்குத் தப்பின பழுது அந்த ஹாலில் வேறு யார் கண்ணிலும் பட்டதில்லை. கம்பெனியில் வருஷா வருஷம் கண் பரிசோதனை நடக்கும். தேறாவிட்டால் மேஜை போய்விடும், பேக்கிங்கில் நின்றுகொண்டு அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும்.

பரிசோதனைக்கு முந்தின வாரம் பார்த்து எனக்குச் சளி. அக்கா மாத்திரை கொடுத்தாள், போட்டேன். மூக்கு ஒழுகுவது நின்றது. மறுநாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல், எரிச்சல், சிவப்பு. அக்கா என் இமையைப் பிரித்துப் பார்த்தாள்.

"சளி கண்ணுக்கு ஏறிடுச்சு புள்ள."

இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொரு மாத்திரையும் கொடுத்தாள். அதையும் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நல்ல போர்டும் கெட்ட போர்டும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தன.

ஷிப்ட் முடிந்து நேராகக் கண் டாக்டரிடம் போய், அக்கா கிழித்துக் கொடுத்திருந்த அட்டைத் துண்டைக் காட்டினேன். "மூக்கை உலர்த்துற மாத்திரை கண்ணை மட்டும் விட்டுவைக்குமாம்மா?" என்றார். அதை நிறுத்தச் சொன்னார். மூக்குக்கு உப்புத்தண்ணீர் சொட்டு, கண்ணுக்குப் பழைய சொட்டையே இன்னும் அடிக்கடி. ஃபேன் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. ஆவி பிடித்தால் கண்ணை மூடிக்கொள். சூடாகக் குடி. சளி தானாகப் போகும், கொஞ்சம் ஒழுகினால் ஒழுகட்டும் என்றார்.

மறுநாள் பஸ்ஸில் இதை அக்காவிடம் கத்திச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பை தக்காளியோடு என் ரூமுக்கு வந்து நின்றாள். மன்னிப்பெல்லாம் கிடையாது. அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துக் குடிக்க வைத்தாள். அப்புறம் கொதித்த தண்ணீர்ச் சட்டியைக் கீழே இறக்கி, ஈரத்துணியால் என் கண்ணைக் கட்டி, போர்வையைப் போர்த்தி, அவளும் உள்ளே புகுந்துகொண்டாள்.

"கண்ணத் தொறந்த, அடிதான்."

அந்த இருட்டுக்குள் சூப்பர்வைசர் தும்முகிற மாதிரி தும்மிக் காட்டினாள். எங்கள் டிரைவர் லாரிக்காரனைக் கன்னடத்தில் திட்டுகிற மாதிரி திட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். போர்வையை விலக்கித் துணியை அவிழ்த்தபோது என் கன்னமெல்லாம் கண்ணீர். என் கண்ணில் அவ்வளவு தண்ணீரை நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

பரிசோதனை அன்று மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தேன். மேஜை எனக்கே. சாயங்காலம் பஸ்ஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். அதுவரை நன்றாகத்தான் போனது. அப்போது அக்கா எழுந்து நின்று, தன் ரசத்தால்தான் எனக்குக் கண் தெரிந்தது என்று அறிவித்தாள். என் மைசூர்பாகைத் தின்றுகொண்டே மொத்த பஸ்ஸும் தலையாட்டியது.

அக்கா, ரசம் நன்றாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த இரண்டு மாத்திரையையும் கொடுத்தது யார்? இன்னமும் அந்த அட்டை உன் கைப்பையில் எதற்கு? நாளைக்குக் காலையில் அதே மாதிரி எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கப் பதில் சொல். டிரைவருக்குக் கன்னடத்திலும் சொல்.