சுவரில் மாட்டிய கைதி

டோர்ட்மண்டில் முதியோர் இல்லம் ஒன்றில் என்னோடு வேலை செய்பவள் ஆஸ்திரேலியாக்காரி. ஜெர்மன்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். போன வருடம் அவளுடைய பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் தொங்கிய, தாடி வைத்த ஒரு கிழவரின் படம் கண்ணில் பட்டது. தன் பூட்டனுக்கும் பூட்டன் என்றாள். பிரிட்டிஷ் சிப்பாயாகத் திருகோணமலையில் இருந்தவராம். குடித்துவிட்டுத் தன் அதிகாரியை அடித்ததற்காக இராணுவ நீதிமன்றம் அவரை விலங்கு மாட்டி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியதாம். அங்கே கல் உடைத்து, விடுதலையாகி, பண்ணை வைத்துப் பெரிய ஆளாகிவிட்டாராம். சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு பெருமை. வந்திருந்தவர்கள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது.

என் தம்பியும் அதே நாட்டுக்குக் கடலால் போனவன்தான். அவன் யாரையும் அடிக்கவில்லை. இலங்கையில் சண்டை முடிந்த பிறகும் இராணுவம் அவனை ஊரில் இருக்க விடாமல் துரத்தியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மீன்பிடி வள்ளத்தில் ஏறினான். ஆஸ்திரேலியக் கரையில் கால் வைக்க விடாமல் ஒரு தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். அந்தச் சிப்பாய்க்காவது எத்தனை வருடம் என்று ஒரு நீதிபதி சொல்லியிருப்பார். தம்பிக்கு வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. வருடக்கணக்கில் கம்பிவேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது மெல்பேர்னில் பெயின்ட் அடிக்கிறான், தலை பாதி நரைத்துவிட்டது.

அந்தப் பிறந்தநாள் சமயத்தில்தான் தம்பிக்கு இங்கே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தோம். இருவரும் வீடியோவில் கதைத்து, பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். சாதகமும் பொருந்தியது. அதற்குப் பிறகு நம் ஆட்கள் விசாரிக்கத் தொடங்குவார்களே, அதுதான் உண்மையான நீதிமன்றம். டொரொண்டோ, லண்டன், சிட்னி என்று எல்லா இடத்துக்கும் போன் போகும். எங்கள் சொந்தக்கார அக்கா ஒருவர், "தீவிலை இருந்த வருஷங்களிலை மலேசியாவிலை படிச்சவர் எண்டு சொல்லிவிடுங்கோ" என்று முன்கூட்டியே புத்தி சொன்னார். என்ன களவு எடுத்தான் என்று மறைக்க வேண்டும்? முடியாது என்றுவிட்டேன்.

பெண் வீட்டார் கூப்பிட்டார்கள். வடையும் தேத்தண்ணியும் வைத்துவிட்டுத் தகப்பன் கேட்டார்.

"தம்பி மறியலிலை, ஜெயிலிலை இருந்தவராம் எண்டு சிட்னியிலையிருந்து கதை வந்தது, பிள்ளை."

"ஓம் அண்ணை, இருந்தவன். வள்ளத்திலை போனவை எல்லாரையும் அடைச்சவங்கள். நீங்கள் அந்த நாளிலை பெர்லினாலை ஜெர்மனிக்குள்ளை வரேக்கை விசாவோடையே வந்தனீங்கள்?"

"அது வேறை. எங்களை அகதிக் காம்பிலை வைச்சிருந்தவங்கள். மறியல் வேறை."

"உங்கடை காம்பிலை கதவு திறந்து இருந்தது அண்ணை. அவன்ரை காம்பிலை பூட்டிக் கிடந்தது. வேறை என்ன வித்தியாசம்?"

அவருடைய மனைவி வடைத் தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்கோ" என்றார். அந்தப் பெண் அறை வாசலில் நின்று தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர், "எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா சனத்துக்கு விளங்கப்படுத்த ஏலாது" என்றார். நான் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன். இந்த மனிதரே அகதி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவர். அவருக்கு என் தம்பி கைதியாகிவிட்டான்.

செய்தியைச் சொன்னபோது தம்பி, "பரவாயில்லை அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று போனை வைத்தான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் இடைவேளையில் என் முகத்தைப் பார்த்து அந்த ஆஸ்திரேலியாக்காரி என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நல்லவள்தான். என் தோளில் கை வைத்து, "கவலைப்படாதே, உன் தம்பியின் பூட்டப்பிள்ளைகள் ஒருநாள் அவன் படத்தையும் இப்படிப் பெருமையாகச் சுவரில் மாட்டுவார்கள்" என்றாள்.

"பூட்டப்பிள்ளைகள் பிறப்பதற்கு முதலில் அவனுக்கு யாராவது பெண் கொடுக்க வேண்டும்" என்றேன்.