பின்சீட்டில் பெட்ரோல் வாடை

எங்கள் வரிசையில் இருக்கும் மெக்கானிக்குக்கு மூக்கர் என்று பெயர் வைத்தவன் நான்தான். கார் வந்து வாசலில் நின்றதுமே, பானெட்டைத் திறக்காமல், "ஆயில் கருகுது", "கிளட்ச் போச்சு" என்று சொல்லிவிடுவார். பக்கத்துக் கடையில் சீட் கவர் தைக்கும் எனக்கு அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த மூக்குக்குத்தான் போன மாதம் சோதனை வந்தது.

அவருடைய தங்கைக்கு எட்டாம் மாதம். ஏதோ சிக்கல் என்று வாராவாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் அவர்கள் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டே போக வேண்டும். அங்கே பெட்ரோல் வாடை குடலைப் பிடுங்க, வழி நெடுக வாந்தி. வாந்தி போகட்டும், எங்காவது ஒரு பொறி பட்டால்? அந்த நினைப்பு வந்ததிலிருந்து மூக்கருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தங்கையின் மாப்பிள்ளை மூன்று தடவை காரைக் கொண்டு வந்தார். மூன்று தடவையும் மூக்கர் காருக்கு அடியில் புகுந்து எழுந்தார். ரப்பர் குழாய்களை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார். எங்கேயும் ஈரமில்லை, வாடையுமில்லை. வீட்டுக்குப் போனால் இரண்டே நாளில், மறுபடியும் வாடை என்று தங்கையிடமிருந்து போன் வரும்.

"வேற யாருக்கிட்டயாவது காட்டட்டுமா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

அன்று மத்தியானம் மூக்கர் விறுவிறுவென்று என் கடைக்குள் வந்து பசை டப்பாவைத் திறந்து முகர்ந்தார். "இது உனக்கு வருதாய்யா? எனக்கும் வருது. அப்ப மூக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மனிதர் சாப்பிட்டே இரண்டு நாள் ஆகியிருந்தது.

நான்காவது தடவை தங்கையும் கூட வந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவளை என் கடை நாற்காலியில் உட்கார வைத்தோம். சாவியைத் திருப்பிய மூக்கரின் கண் மீட்டரில் நின்றது. பெட்ரோல் முள் அடிமட்டத்தில் கிடந்தது. சிவப்பு விளக்கு வேறு.

"போன தடவையும் இப்படித்தானே இருந்துச்சு?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு காரைக் கிளப்பிப் போனார். டாங்க் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு, வாடை தாங்காமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி திரும்பி வந்தார்.

"யோவ், பின்சீட்டைக் கழட்டு!"

கழற்றினேன். அடியில் டாங்கின் மேல்பக்கம், பம்ப்பைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. டாங்க் நிறைந்து வண்டி ஆடினால் பெட்ரோல் அந்த வழியாகத்தான் கசியும். காலியாக இருந்தால் பிரம்மனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மூக்கர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, ஒவ்வொரு தடவையும் வறட்டு டாங்கோட வந்தீங்க?"

மாப்பிள்ளை செருப்பைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஷெட்டுக்கு வண்டி விடுகிறவர்கள் பெட்ரோலை வற்றவிட்டுத்தான் விடுவார்கள். மிச்சமிருந்தால் மெக்கானிக்குகள் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள் என்ற பயம். நானே அப்படித்தான் செய்வேன். ஆனால் சொந்த மச்சானிடமா?

"அவரைக் கேக்காத அண்ணே. நான்தான் சொல்லி அனுப்பினேன்," என்றாள் தங்கை. "முன்னல்லாம் நீ ஷெட்டுக்கு வர்ற வண்டியில பெட்ரோல உறிஞ்சி பாட்டில்ல கொண்டு வருவியே. அப்பா கண்ணுல படாம நான்தானே ஒளிச்சு வைப்பேன். அந்த ஞாபகத்துல சொல்லிட்டேன். கோவிச்சுக்காத."

மூக்கர் கோபித்துக்கொள்ளவில்லை. புது வளையத்தைப் போட்டு முடுக்கினார். திருகாணி இரண்டு முறை கை நழுவி விழுந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம்மா," என்று ஆரம்பித்தவர், தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவதைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னும் விடலம்மா," என்றார்.

"தெரியும்ணே," என்றாள் அவள்.