பொன்னாடைகளில் தைத்த போர்வை

என் கணவர் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளராக இருந்த காலத்தில், எங்கள் வீட்டிலிருந்து கட்சிக்குப் போகாத பொருள் நான் ஒருத்திதான். பெஞ்சு போனது, அண்டா போனது, பெட்ரோமாக்ஸ் விளக்கு போனது. எதுவும் திரும்பி வரவில்லை. பதிலுக்கு வந்தவை பொன்னாடைகள். கூட்டத்திலும் கல்யாணத்திலும் யாராவது அவர் தோளில் ஒன்றைப் போர்த்திவிடுவார்கள். அவர் அதை மடித்து எடுத்துவந்து டிரங்குப் பெட்டியில் போடுவார், அடுத்த கூட்டத்தில் வேறு யாருக்காவது போர்த்த. இப்படித் தோள் மாறித் தோள் மாறி எங்கள் ஊர் வலங்கைமானையே சுற்றிவிட்டு ஒரு பொன்னாடை மறுபடி எங்கள் வீட்டுக்கே வந்தது. ஓரத்தில் இருந்த குழம்புக் கறையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

அதில் பொன்னும் கிடையாது, உடுத்தவும் முடியாது. தலை துவட்டினால் ஈரம் அப்படியே இருக்கும், ஜரிகை மட்டும் காதைக் கீறும்.

அந்த வருஷம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வர இருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என் கையால் ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் மனைவி எனக்குச் சிநேகிதி. அவளுடைய தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த போர்வை ஒன்றை அவள் வீட்டில் பார்த்தேன். துணியைச் சதுரமாக வெட்டி, மூலையோடு மூலை சேர்த்து மடித்து, மறுபடியும் மடித்து முக்கோணமாக்கி, ஓட்டுக் கூரை மாதிரி வரிசை மேல் வரிசையாகத் தைத்திருந்தார்கள். பிசிறு ஓரமெல்லாம் அடுத்த வரிசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

"சமோசா மடிக்கிற மாதிரிதான்க்கா. உள்ள மசாலா மட்டும் கிடையாது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். முதல் பொன்னாடையில் கத்தரி வைத்தபோது என் மனசு குளிர்ந்தது என்றால் பொய்யில்லை. இஸ்திரிப்பெட்டி பட்டால் அந்தத் துணி அப்பளமாகச் சுருண்டது. ஆகவே ஒவ்வொரு மடிப்பையும் சொம்பின் அடியால் தேய்த்துப் படிய வைத்தேன். ஜரிகை பிள்ளையைக் குத்தாமல் உள்பக்கம் போகும்படி மடித்தேன். பழைய நூல் புடவைகளை அடுக்கி அடியில் வைத்து, சம்பா நடவில் ஆரம்பித்த தையல், அறுப்பெல்லாம் முடிந்து பங்குனியில்தான் முடிந்தது. கட்டிலில் விரித்துப் பார்த்தேன். நான் செய்ததுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு அழகு.

ஊரில் அப்போது வேறு ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. மிராசுதார் குத்தகைதாரர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றப் பார்த்தார். அவர்கள் வரப்பைவிட்டு நகரவில்லை. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். என் கணவர் இரண்டு பக்கமும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்து, கடைசியில் குத்தகை தொடரட்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். ரைஸ்மில் களத்தில் பந்தல் போட்டு, மிராசுதாருக்கும் குத்தகைதாரர் சங்கத் தலைவருக்கும் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. தகராறில் மாசக்கணக்காகக் கூட்டமே இல்லாததால் பெட்டிப் பக்கம் போகாதவர், மைக் செட்டில் பாட்டு ஆரம்பித்த பிறகுதான் அதைத் திறந்தார்.

"பொன்னாடையெல்லாம் எங்க போச்சு?"

"கட்டில்ல இருக்கு பாருங்க."

பார்த்தார். பிறகு போர்வையின் அகலத்தைக் கையால் அளந்தார்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்திடலாம்."

"அது பிள்ளைக்குத் தைச்சதுங்க!"

"ஒரு நாழில கொண்டாந்துடறேன்."

போர்த்தியது போர்த்தப்பட்டவரோடு போய்விடும் என்று தெரியாதவளா நான்? பின்னாலேயே ஓடினேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேரும் பங்குனி வெயிலில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கைதட்டியது. என் கணவர் மைக்கைப் பிடித்தார். மைக்கைப் பிடித்தால் அவருக்கு உலகம் மறந்துவிடும். "உழுதவனுக்கே நிலம்" என்று ஆரம்பித்தவர் அதையே சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த இருவருக்கும் வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. முதலில் எடுப்பவர் சமாதானத்தைக் கெடுத்தவர் ஆகிவிடுவாரே என்று இருவரும் அசையவில்லை.

பேச்சு முடிந்ததும் வந்தது வினை. தலைவருக்குப் போர்த்தியது எங்கள் தெருவுக்குத்தான் என்று குத்தகைதாரர்கள் சொன்னார்கள். முதலில் ஐயா தோளில்தான் போட்டது என்று மிராசுதாரின் காரியஸ்தர் ஒரு நுனியைப் பிடித்தார். தலைவர் மறு நுனியைப் பிடித்தார். நடுவில் ஒரு முக்கோணம் 'டர்'ரென்று தையல் விட்டது. என் கணவர் பந்தல் காலை ஆராய்வதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்கு வெட்கமும் போய்விட்டது, பயமும் போய்விட்டது. மேடையேறி மைக் முன்னாலேயே நின்றேன்.

"உழுதவனுக்கு நிலம்னு இவ்வளவு நேரம் எல்லாரும் கை தட்டினீங்கள்ல? தைச்சவ நான். கொடுங்க."

முதலில் சிரித்தவர் சங்கத் தலைவர்தான். நுனியை என் கையில் கொடுத்தார். மிராசுதார் காரியஸ்தரைக் கையமர்த்திவிட்டு, தன் தோளில் கிடந்ததைத் தானே எடுத்து நீட்டினார். நிலத்தில் பிடியைத் தளர்த்த அவருக்கு அத்தனை பஞ்சாயத்து தேவைப்பட்டது. போர்வையை ஒரே பேச்சில் விட்டுவிட்டார்.